முட்டை அட்டை நாற்று

கடைகளில் முட்டை அடுக்கி வைக்கும் அந்தச் சாம்பல் நிற அட்டையை எங்கே பார்த்தாலும் இப்போதும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. அதனாலேயே, போன வருஷம் ஐப்பசி மழையில், மகனின் அறையில் மேசை விளக்கின் கீழே அப்படி ஓர் அட்டையைக் கண்டதும் கிட்டே போய்ப் பார்த்தேன். குழிக்குக் குழி மண் நிரப்பி, விரலளவு உயரத்துக்குச் செடிகள். இலைகள் கீறிவிட்டதுபோல் இருந்தன. பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த நாட்களில் தெருவில் வேறு பேச்சே இல்லை. நாலு வீடு தள்ளியிருந்த பையனைக் கஞ்சா வைத்திருந்தான் என்று போலீஸ் அழைத்துப் போயிருந்தது. என் மகனோ ஏனாத்தூரில் கல்லூரி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால், "படிச்சிக்கினு இருக்கேம்மா" என்பான். அன்று காலை அவன் கிளம்பிப் போயிருந்தான். நான் எதையும் யோசிக்கவில்லை. அத்தனையையும் வேரோடு பிடுங்கினேன். ஒரு கொத்தை மட்டும் செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பள்ளியில் அப்போது ஒரு தாவரவியல் ஆசிரியர் இருந்தார். பெரிய கிண்டல்காரர். தலைமை ஆசிரியரைக்கூட விடமாட்டார். ஆய்வகத்தில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். "பக்கத்து வீட்டுப் பையன் வளர்க்கிறான் சார். இது... அதுதானா?"

ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீங்களே மோந்து பாருங்கம்மா" என்று நீட்டினார்.

மரிக்கொழுந்து. வெள்ளிக்கிழமைதோறும் பூக்காரியிடம் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிற அதே மணம். பிடுங்கும்போது என் இரண்டு கையிலும் அதுதானே இருந்திருக்கும்? பயத்தில் என் மூக்குகூட என்னைக் கைவிட்டிருந்தது.

அவர் வேர்களைப் பார்த்தார், பிறகு என்னை. "பையன் விவரமானவன்தான். இந்த விதை தூசு மாதிரி இருக்கும். வெளியில தூவினா மழை அடிச்சிக்கினு போயிடும். அதான் மழை மாசத்துல வீட்டுக்குள்ள முளைக்க வச்சி, மார்கழிப் பனியில தொட்டிக்கு மாத்துவாங்க. மாசியில வாசனை தூக்கும். இது போனா போவுது. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள மறுபடி விதைச்சிடச் சொல்லுங்க." பொட்டலத்தை மடித்து என்னிடம் கொடுத்து, "பக்கத்து வீட்டுப் பையனைத்தான்" என்றார்.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆண்டு ஓய்வு பெற்றபோது, விடைபெறும் கூட்டத்தில் எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வாரினார். அரங்கமே சிரித்தது. என்னை மட்டும் தொடவில்லை. அந்தக் கருணைக்குப் பதில் அவர் என்னைக் கேலியே செய்திருக்கலாம்.

செடிகளைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் மகன் வெறும் அட்டை முன்னால் நின்றிருந்தான். "இன்னாமா ஆச்சு?"

"எலியாத்தான் இருக்கும்பா."

அட்டையைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். "நல்ல எலிமா. போறப்போ வெளக்க அணைச்சிட்டுப் போயிருக்குது."

"கார்த்திகைக்குள்ள மறுபடி விதைச்சிடுப்பா" என்றேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை என்னையே நம்பவைக்கப் பார்க்கிறேன்.

இரண்டொரு நாளில் புது அட்டை வந்தது. அதன் ஓரத்தில் ஈர்க்குச்சி ஒன்றைச் செருகி, துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தான். முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவதுபோல், பெரிய பெரிய எழுத்தில்: மரிக்கொழுந்து.

இதோ, மறுபடி ஐப்பசி. வெளியே மழை. அதே மேசையில் முட்டை அட்டை, அதே விளக்கு, அதே போலக் காகிதம். அன்றிலிருந்து அவன் அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை. சாத்தியிருந்த காலத்தில் எட்டி எட்டிப் பார்த்தவள், இப்போது அந்த அறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.