பண்ணைக் கக்கூஸில் குடியிருந்த அம்சம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடல் காற்று வயலைத் தொடும் ஊர்களில் போர் போட்டால் வருவது தண்ணீர் இல்லை, கரைத்த சுண்ணாம்பு. அதில் குளித்து வளர்ந்தவர்கள் உள்ளங்கையில் வெற்றிலையைத் தேய்த்தாலே போதும், தனியாகச் சுண்ணாம்பு வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் பண்ணையார் தியாகராசன் தன் கொல்லைக் கோடியில் கட்டிய புதுக் கக்கூஸுக்கு விட்டார். வெள்ளைவெளேர் பீங்கான். அது வண்டியில் வந்து இறங்கியபோது ஊரே கூடிப் பார்த்தது. இதில் தயிர் தோய்த்தால் கெட்டியாக நிற்கும் என்று ஒருவர் யோசனைகூடச் சொன்னார். கொஞ்ச காலத்திலேயே அது புகையிலை போடுகிறவரின் பல் மாதிரி ஆகிவிட்டது.

அதைத் தேய்க்க வந்தவள் அம்சம். அவள் புருஷன் மருதையன் பண்ணை வயலில் பாம்பு கடித்துச் செத்தவன். அவன் விட்டுப்போனது, ரோட்டோரம் பண்ணை நிலத்தில் நின்ற ஒரு கீற்றுக் குடிசை. குடிசை போட்டு வாழ்கிறவருக்கே அந்த மனை சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. அதிகாரி விசாரிக்க வரும்போது ஆள் வீட்டில் இருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். தெருவே அடுப்பை அணைக்காமல் காத்திருந்தது. என்றைக்கு வருவார் என்பதுதான் தெரியாது. ஊர் நிலக்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். ஆகவே பண்ணையாருக்கும் தெரியும். ரோட்டோரம் அரிசி ஆலை வைக்க அவருக்கு அம்சத்தின் மனை வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் பண்ணை ஆள் வந்து நின்றான்.

"மெட்ராஸ் மாப்பிள்ளை வர்றாராம். கக்கூஸைத் தேய்ச்சுக் குடுப்பியாம்."

பக்கத்துக் குடிசை தங்கம்மாள் தடுத்தாள். "போகாதடி. இன்னிக்கே அதிகாரி வந்துட்டா?"

"போகலைன்னா பண்ணை முறைச்சுக்கும்க்கா. என் மனை விஷயத்துல அவரு குறுக்கே நிக்காம இருக்கணும்ல? தேய்ச்சுட்டு ஓடியாந்துர்றேன்."

பீங்கானுக்குள் நின்ற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு கொட்டினாள். சாக்கைக் கிழித்து, ஆசிட்டில் நனைத்துக் கறைமேல் அப்பினாள். கறை இளகும்வரை ஊற வேண்டும். அதற்குள் வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாம் என்று எழுந்தாள். பண்ணையார் மனைவி கோமளவல்லி கொல்லை வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"ஊறட்டும்மா. ஒரு எட்டு வீட்டைப் பார்த்துட்டு வந்துர்றேன்."

"உன் அரண்மனையை யாரு தூக்கிட்டுப் போறா? ஆசிட்டு பீங்கானைத் தின்னுடும். உக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். புகை தொண்டையை அறுத்தது. பிறகு சாக்கை உரித்துவிட்டு, செங்கல் தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்தாள். கறையோடு விரல் தோலும் உரிந்தது.

அதே நேரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் வந்திருந்தார். அம்சத்தின் அடுப்பு ஆறிக் கிடந்தது.

"இதுல ஆள் இல்லைங்க. அந்தப் பொம்பளை பண்ணை வீட்டோட போய்த் தங்கிட்டா" என்றார் கணக்கப்பிள்ளை.

தங்கம்மாள் பாய்ந்து வந்தாள். "பொய்யிங்க! அவ இங்கதான் இருக்கா. இப்ப பண்ணை வீட்டுல கக்கூஸ் தேய்க்கிறாங்க!"

"கேட்டுக்குங்க சார். எங்க இருக்காள்னு இவளே சொல்லிட்டா."

இன்ஸ்பெக்டருக்கு மத்தியானச் சாப்பாடு பண்ணை வீட்டில். பாயசம்வரை இறங்கிய பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தார். கதவைத் தள்ளினால், உள்ளே அம்சம் மண்டியிட்டிருந்தாள். பீங்கான் பளிச்சென்று இருந்தது.

"நீதான் அம்சமா? அப்ப கணக்கப்பிள்ளை சொன்னது நிஜம்தான்."

"ஐயா, என் வீடு ரோட்டோரமுங்க. இங்க வேலைக்கு வந்தேங்க..."

"அதைப் பார்த்துட்டுத்தாம்மா வர்றேன். அடுப்புல பூனை படுத்திருக்கு."

பின்னாலேயே வந்த தியாகராசன் செம்பை நீட்டினார். "போக்கிடம் இல்லாதவ சார். நாங்கதான் வச்சுக் காப்பாத்துறோம்."

அம்சம் அவர் முகத்தையே பார்த்தாள். பேச வாயெடுத்தால் இருமல்தான் வந்தது.

"நகரும்மா, அவசரம்" என்றார் இன்ஸ்பெக்டர். நகர்ந்தாள்.

மெட்ராஸ் மாப்பிள்ளை வரவில்லை. தெருவில் எல்லாருக்கும் பட்டா வந்தது, அவளுக்கு வரவில்லை. குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். கீற்றைச் சுமந்துபோய் ஆற்றங்கரைப் புறம்போக்கில் கட்டிக்கொண்டாள். அறுவடைக்குள் பீங்கானில் மறுபடி கறை ஏறிவிட்டது. பண்ணை ஆள் கரைக்கு வந்து கூப்பிட்டான்.

"நான் அந்த வீட்டுலதானேடா இருக்கேன்? சர்க்காரே சொல்லிடுச்சு. இங்க வந்து யாரைக் கூப்பிடுறே? போய் உங்க கக்கூஸ்ல தேடு."

அவன் அதைப் போய்ச் சொல்லவில்லை. உடம்பு முடியலையாம் என்று சொல்லிவைத்தான். அதுவும் பொய்யில்லை, அந்த இருமல் நிற்கவே இல்லை. ஐப்பசியில் ஆறு ஏறியபோது அவள் குடிசையை இன்னும் மேட்டுக்கு நகர்த்தினாள். வெந்த விரல்களுக்குக் கயிறு பிடிபடவில்லை. தங்கம்மாள்தான் மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கினாள்.