ஓரெழுத்து இனிஷியல்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத வந்ததற்கு முதலில் மன்னியுங்கள்.

தி.நகரில் ரவிக்கை தைக்கிறேன். செல்போனிலேயே ஆர்டர் வாங்க ஒரு வெப் ஆப் செய்ய ஆசைப்பட்டு, மாம்பலம் ஸ்டேஷன் அருகே ஒரு மாலைநேரக் கணினி வகுப்பில் சேர்ந்தேன். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். வாயைத் திறக்கவே கூச்சம். சொதப்பினால் நின்றுவிடலாம் என்ற முடிவோடுதான், நான் செய்த ஆர்டர் பக்கத்தை வகுப்பில் காட்டினேன்.

எங்கள் ஆசிரியை திவ்யா முதல் கட்டத்தில் தன் பெயரையும், இரண்டாம் பெயருக்கான கட்டத்தில் 'ம' என்று தன் இனிஷியலையும் அடித்தார். 'சரியான பெயரை எழுதவும்' என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் சிவப்பு.

"இன்னாக்கா, மேடத்துக்கே கதவ சாத்திட்ட?" என்றாள் பக்கத்தில் இருந்த செல்வி. வகுப்பே சிரித்தது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திவ்யா சிரிக்கவில்லை. நான் எழுதியிருந்த வரிகளைப் பொறுமையாகப் படித்தார்.

"உக்காருங்கக்கா. இதுல ரெண்டு எழுத்தாவது இருக்கணும்னு ஒரு வரி இருக்கு. அது நான் குடுத்த பாடத்துல இருந்தது. வெளிநாட்டுப் பாடத்துலேர்ந்து அப்படியே எடுத்தேன். என் இனிஷியலே ஓரெழுத்துன்னு தோணல. தப்பு என்னுது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்களே மாத்துங்க."

இரண்டை ஒன்றாக்கினேன். 'ம' உள்ளே போனது.

அளவு பிசகினால் துணி சுருங்கிவிட்டது என்று சொல்லிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். விஷயம் தெரிந்த ஒருவர், இத்தனை பேர் முன்னால், "தப்பு என்னுது" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

மறுநாளும் வகுப்புக்குப் போனேன். திரையில் பட்டன் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.