மனைவியின் பக்கமுகம் தேடி மொன்றியலுக்கு

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்குப் போனேன், மனைவியின் படமொன்று வரையக் கொடுக்க. அவள் போய்ப் பதினொரு மாதம். ஆட்டைத்திவசத்துக்குள், அதாவது முதல் வருட நினைவு நாளுக்குள், படம் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மண்டபத்தில், டாக்காவிலிருந்து வந்த ஓவியர் ஒருவரின் படங்களை இருவருமாகப் பார்த்தோம். முகலாய அரண்மனைப் படங்களைப் போல உள்ளங்கையளவுத் தாள், கையில் பூவோடு பக்கம் திரும்பி நிற்கும் பெண். ஆனால் பளிங்கு மாடம் கிடையாது. சிவப்புக்கரை வெள்ளைச் சேலை, பின்னால் வங்காளத்து ஆறு, தோணி, கறுத்த மழைமேகம். "எனக்கும் இப்பிடி ஒண்டு வேணும். பின்னால மட்டக்களப்பு வாவி" என்றாள். "பேந்து பாப்பம்" என்றேன். பிறகு பிறகு என்று தள்ளிய நாசமாய்ப் போன பேந்து!

காலை 7.30க்குப் புறப்பட்டேன். 200 கிலோமீற்றர், போக வரப் பெற்றோல் 50 டொலர். 9.30க்கு மொன்றியல் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மச்சானை, அதாவது அவளுடைய தம்பியை, ஏற்றினேன். அங்கிருந்து 20 கிலோமீற்றர்தான், நெரிசலில் 45 நிமிடம் பிடித்தது. அதே ஓவியரின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில்தான், இரண்டாம் மாடி. வெளியே இரும்புப் படி, பனி உறைந்து வழுக்கும், கவனம்.

நாற்பது வயதுப் பெண். "வாங்கோ அண்ணை" என்றார், தமிழ்க்கடையில் பழகியது. மற்றதெல்லாம் ஆங்கிலம். போனில் நாற்பது படம் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

"எல்லாம் நேர்முகம். அந்த அரண்மனை முறையில் முகம் பக்கவாட்டில்தான், ஒரு கண்தான் தெரியும். அதை நான் மாற்றுவதில்லை. பக்கவாட்டில் ஒன்றும் இல்லையா?"

இல்லை. நம் சனம் படமெடுப்பது அப்படித்தானே, பாஸ்போட்டுக்கு நிற்பது போல. "புள்ள, இஞ்ச பாரு, நேர பாரு" என்று அவளிடம் கத்தியவனே நான்தான். வீடியோக்களில் அவள் குரல் மட்டுமே உண்டு, எடுத்தது அவள்.

"பரவாயில்லை, சொல்லுங்கள். மூக்கு நெற்றியிலிருந்து நேராக இறங்குமா, பள்ளம் விழுமா? நாடி?"

போனை எடுத்து மறுபடியும் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் காரில் என் பக்கத்தில் இருந்தவள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிருந்தும் குருடன்.

"அத்தான், நான் அக்காட சாடை எண்டு எல்லாரும் சொல்றதானே. என்ட முகத்த வெச்சுக் கீறட்டும்" என்று மச்சான் ஜன்னலோரம் திரும்பி இருந்தான். ஓவியர் நாற்பது நிமிடம் பென்சிலால் வரைந்தார். மீசையைத் தவிர்த்தார், பொட்டு வைத்தார், கொண்டை போட்டார். அழகான பெண்.

"சரியா?"

"இல்லை."

"எங்கே பிழை? மூக்கா, உதடா?"

தெரியவில்லை. மச்சானோ "அக்காதான் அத்தான்!" என்று விம்மி அழுகிறான். அவனை நம்புவதா, என்னை நம்புவதா? ஐயோ, அதுகூட எனக்குத் தெரியவில்லை. படம் வேண்டாம் என்று சொல்லி எழுந்தேன். ஓவியர் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது ஒரு சிவப்பு விளக்கில் மச்சானைப் பார்த்தேன். பச்சை விழுந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "அத்தான், ரோட்டப் பாருங்க" என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு அங்கே வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, பார்க் மெட்ரோவில் இறங்கி நடப்பது நல்லது. படம் 400 டொலர், மூன்று வாரம் எடுக்கும். பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் கட்டாயம் வேண்டும். இப்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறாரோ, அவரைக் கூப்பிடாமல், இங்கே பார் என்று சொல்லாமல், ஒன்று எடுத்து வையுங்கள்.