கோமுகி அணையில் மிதந்த பாட்டில்

பொங்கல் விடுமுறைக்குச் சங்கராபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். போன இடத்தில் சும்மா இருப்பானேன், வெள்ளிமலை வரை போய் வரலாம் என்று நானும் என் கணவரும் காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். மலை ஏறுவதற்கு முன் கோமுகி அணையில் பத்து நிமிடம் நிற்பதாகத் திட்டம்.

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சாக்குப்பையோடு குப்பை பொறுக்குவார். பொறுக்கும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார். அதைப் பார்ப்பது எங்கள் தலையெழுத்து. அன்று தண்ணீரில் மிதந்த ஒரு பாட்டிலையும் அவர் விடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அறுத்து எடுத்து வந்தார்.

சற்று நேரத்தில் ஒரு பரிசல் வந்தது. அதில் அணையில் மீன் பிடிக்கும் அஞ்சலையும் அவர் கணவர் கோவிந்தனும் இருந்தார்கள்.

"யக்கா, இங்க ஒரு பாட்டிலு மெதந்துக்கினு இருந்துச்சே, பாத்தீங்களா?" என்றார் அஞ்சலை.

என் கணவர் பெருமையாகப் பையைத் தூக்கிக் காட்டினார். அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி, மண்புழு குத்தி, இரண்டு முனையிலும் கல் கட்டி அடியில் இறக்கியிருக்கிறார்கள். சேற்றையொட்டித் திரியும் கெளுத்தி அதில் மாட்டும். கயிறு கிடக்கும் இடத்துக்கு அந்தப் பாட்டில்தான் அடையாளம்.

"இன்னா சார் இப்டிப் பண்ணிட்டீங்க? மத்தியானம் புது மருமவன் மொத மொறையா வூட்டுக்கு வராரு. இந்த மீன நம்பித்தான் மசாலா அரைச்சு வெச்சுட்டு வந்தேன்."

"நான் இறங்கித் தேடுறேன்" என்றார் இவர்.

"வேணாம் சார். மீனுக்கு முன்ன நீங்க மாட்டிக்குவீங்க" என்றார் கோவிந்தன்.

எனக்கு அப்போதுதான் போட்டோ நினைவு வந்தது. அதில் பாட்டிலுக்கு நேர் பின்னால் கரையில் ஒரு பனைமரமும் பிளந்த பாறையும் தெரிந்தன. அவை இரண்டும் அதே போலத் தெரியும் இடத்துக்குப் பரிசலைக் கொண்டுபோய், கயிற்றில் கட்டிய வளைந்த கம்பியால் அடியைத் துழாவினார் கோவிந்தன். முதலில் பாசி வந்தது. பிறகு யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. மூன்றாம் முறை கயிறு இறுகியது.

அஞ்சலை இழுக்க இழுக்க வெறும் முள்ளாகவே வந்தது. பாதிக்கு மேல் ஒரு கெளுத்தி துள்ளியது, அதன் பின் இன்னும் ஐந்தாறு. சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திட்டியிருக்கலாம், அதற்கு எல்லா உரிமையும் அவர்களுக்கு இருந்தது. "வெள்ளிமல எங்கனா ஓடியா பூடும்? சாப்ட்டுப் போங்க" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். குழம்பில் முதல் துண்டு மருமகனுக்கு, அடுத்தது என் கணவருக்கு. அந்தக் கைகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

வெள்ளிமலைக்கு மறுநாள்தான் போனோம். நீங்கள் போவதானால் காலையிலேயே கிளம்புங்கள், மலைப்பாதையில் பேருந்து குறைவு. அணையில் குப்பை பொறுக்குங்கள், தப்பில்லை. கயிறு கட்டிய எதையும் மட்டும் தொடாதீர்கள்.

மீன் குழம்பு சாப்பிட்ட அன்று மாலை குடும்பக் குழுவுக்கு ஒரே ஒரு போட்டோதான் போனது. மறுபடி இறக்கிய தூண்டில் கயிற்றில் என் கணவர் தன் கையாலேயே திரும்பக் கட்டிவிட்ட பாட்டில், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.