எக்ஸ்ரே அக்கா வாங்கிய நாலு மிஷின் பெட்டி

மருத்துவமனையில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று இருபத்திரண்டு வருடமாக ஒரே தொனியில் சொல்லிச் சொல்லி, வீட்டில் கோபம் வந்தாலும் அதே தொனியில்தான் பேசுவாள். ஒருநாள் எக்ஸ்ரே படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் படுத்துவிட்டது. கை உடைந்தவர்களும் கால் உடைந்தவர்களும் வரிசையாகக் காத்துக்கிடந்தார்கள். நாலு மணி நேரம் கழித்து வந்த இன்ஜினியர் ஒரே ஒரு பட்டனை அமுக்கினார், எல்லாம் எழுந்துகொண்டது. என்ன கோளாறு என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டாள், கெடுத்தாள், மறுபடி போட்டாள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒரு சர்வர் படுத்தால் அதன் வேலையை மற்றவை தானாக ஏற்றுக்கொள்ளும்படி செய்யலாம் என்று படித்தபோது அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. செய்து பார்க்க மூன்று மிஷினாவது வேண்டும்.

பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை விற்கும் வியாபாரி ஒருவர், பஸ் டிப்போவுக்குப் பின்னால் கிடங்கு வைத்திருந்தார். அங்கே பிரிண்டர் குவியலுக்கு அடியில் ஒரு தட்டையான, நீளமான இரும்புப் பெட்டி கிடந்தது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரே மிஷின். அக்கா சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். நாலு கைப்பிடிகள். இழுப்பறையை உருவுவதுபோல் ஒன்றை உருவினால், ஒரு முழு சர்வர் வெளியே வந்தது. ஒரே பெட்டிக்குள் நாலு.

வியாபாரி சொன்ன விலை ஒரு மிஷினுக்கான விலை. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அண்ணே, இதுக்குள்ள நாலு இருக்கு" என்றாள்.

அவர் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார். விமானம் கிளம்புவதுபோல் ஓர் இரைச்சல். மேசைமேல் இருந்த ரசீதுகள் எல்லாம் பறந்தன. வாசலில் நின்ற ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போய்விட்டார்.

"நாலு இருந்தா என்ன, நாப்பது இருந்தா என்ன? திருப்பி மட்டும் கொண்டு வந்துடாதீங்க" என்றார் வியாபாரி.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயம் வந்தால், கார் இல்லாத இடத்திலும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தும். பெட்டியை இரண்டு பேர் முக்கி முனகி மாடிக்கு ஏற்றியபோதே கால் அழுத்த ஆரம்பித்துவிட்டது. புத்தக அலமாரியில் வைத்தால் பாதிப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அவருடைய அப்பாவின் அறை வாசலில், தரையிலேயே கிடத்தினார்கள். முதல் தடவை நாலையும் சேர்த்து எழுப்பியதில் வீட்டு மின்சாரமே போனது. அப்புறம் ஒவ்வொன்றாக எழுப்பினாள். ஒன்று கடைசிவரை எழவில்லை. மற்ற மூன்றும் சேர்ந்து போட்ட சத்தத்தில், மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து மாவு மில் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார்.

அப்போதுதான் மாமனாரின் அறைக் கதவு திறந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக அழைப்பு மணியோ குக்கர் விசிலோ அவர் காதில் விழுந்ததில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்.

"என்னம்மா சத்தம்?" என்று கேட்டார்.

கணவரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது.

"எனக்குக் காது கேக்குது" என்றார், தன் முகத்தைத் தானே தடவிக்கொண்டு.

அன்று முதல் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பேப்பர் படித்தார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் காது திரும்பிவிட்ட செய்தியைச் சொன்னார். அவர்கள் பதிலுக்கு என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

மேல்வீட்டுக்காரர் மூன்றாவது முறை வந்துபோன பிறகு, அக்கா பெட்டிக்குள் சுழலும் ஃபேன்களின் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு வாரம் பிடித்தது. இரைச்சல் பழைய ஃபிரிட்ஜ் சத்தம் அளவுக்கு இறங்கியது. மேல்வீடு நிம்மதியானது. மாமனார் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து வந்து, பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி, காது மறுபடி போய்விட்டது என்று மெல்லச் சொன்னார்.

அக்கா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து, அவர் காதருகே உரக்கச் சொன்னாள்.

"காது போகலை மாமா. நான்தான் சத்தத்தைக் குறைச்சேன்."

"அப்ப இத்தனை நாளா நான் கேட்டது இது ஒண்ணு மட்டும்தானா?"

"ஆமா மாமா."

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே காது டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

காதுக் கருவி வந்த முதல் நாளே, குளியலறைக் குழாய் சொட்டுகிறது, மகன் மாடு மாதிரி மென்று தின்கிறான், மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள் என்று மூன்று புகார். நாலாவது புகார் பெட்டியைப் பற்றி. அந்தப் பிசாசு வீட்டில் இருந்தால் தான் இருக்க மாட்டேன் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்ட கணவர், தன் பயிற்சிப் பள்ளியில் பழைய டயர்கள் அடுக்கிய பின் அறையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். கியரை உடைப்பதுபோல் மாற்றும் மாணவர்கள் நடுவே, அங்கே யாருக்கும் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்கவில்லை.

அங்கே வைத்துத்தான் மூன்று மிஷின்களையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்படி இணைத்து, வீட்டுப் புகைப்படங்கள் முழுவதையும் அவற்றில் ஏற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்தால் இப்போதெல்லாம் மாமனாரைத் தவிர வேறு யாரும் எடுக்க முடியாது. வீட்டு லேப்டாப்பில், இன்டர்நெட் வழியாக இந்த மிஷின்களிலிருந்து வரும் கல்யாணப் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்கச் சொன்னாள். பெட்டியின் பின்பக்கம் போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு மிஷினைக் கைப்பிடியோடு பிடித்து உருவினாள்.

"படம் வருதா மாமா?"

"ம். கொஞ்சம் நின்னுச்சு, இப்ப வருது."

"இப்பவும் வருதா?"

"வருதேம்மா. ஏன், வரக் கூடாதா?"

உருவிய மிஷினை மடியில் வைத்துக்கொண்டு அக்கா டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து, மாமனார் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.