மாமா வாங்கிய முதல் கம்ப்ரஸர்

இது கதையில்லை. நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து செருப்பைத் தேடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நடந்தது என் அக்காவின் கணவருக்கு. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். செவ்வாய்க்கிழமை மதியம் 1.40-லிருந்து 1.58 வரை. பதினெட்டே நிமிடம்.

என் அக்கா புத்தகம் வாசிப்பவள். அதுதான் அவள் தொழில். ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது. அவளுடைய ஸ்டுடியோ, படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலமாரி. துணியையெல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே மூன்று பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு குட்டி விளக்கு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் தெருச் சத்தம் அண்டாது; பெருமழையும் இடியும் மட்டும்தான் புகும். வெளியே நான்கடி தள்ளி மாமாவின் மேசை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பதிவு செய்வார். தண்ணீர் வாரியத்தில் காலை ஷிப்ட் முடித்துப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற மதிய நேரத்தில்தான் அந்தக் குடியிருப்பு வாயை மூடிக்கொண்டிருக்கும். அதனால் எப்போதும் மதியம்தான் பதிவு.

குரல் பதிவில் கம்ப்ரஸர் என்று ஒரு பெட்டி உண்டு. ஏ.சி.யில் இருக்கிற கம்ப்ரஸரை நினைக்காதீர்கள். இது கத்தினால் அமுக்கும், முணுமுணுத்தால் தூக்கிவிடும். அவ்வளவுதான் இதன் வேலை. கம்ப்யூட்டரிலேயே அதைச் செய்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்கவே வருவார்கள்! கையால் திருகுகிற நிஜப் பெட்டி வேண்டும், அதில் ஒரு முள் ஆட வேண்டும். மாமாவுக்கும் அந்தப் பைத்தியம் முற்றியிருந்தது. முதல் பெட்டி எது வாங்கலாம் என்று இரண்டு வருஷம் படித்தார், விசாரித்தார், கனவுகூடக் கண்டிருப்பார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு ஒரு வாரம்கூட யோசிக்கலை. பொட்டிக்கு ரெண்டு வருஷமா?" என்பாள் அக்கா.

"நீ அதிர்ஷ்டத்துல அமைஞ்சே. பொட்டி விஷயத்துல அதிர்ஷ்டத்தை நம்ப முடியாதும்மா" என்பார் மாமா.

இப்படி ஒருவரையொருவர் வாரிக்கொண்டு இருந்தவர்கள். யார் கண் பட்டதோ.

பதினெட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு மதியம். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. எடுத்த புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக வாசித்துக்கொண்டிருந்தாள். 2.10-க்கு மாமாவின் போன் அதிர்ந்தது. ஒலிக்கருவி விற்கிற கடைக்காரர். நீங்கள் கேட்ட பெட்டியில் இரண்டு வகை வந்திருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார். மாமா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பதிவை ஓடவிட்டு, சத்தம் போடாமல் பால்கனிக்குப் போனார். எது குரலுக்கு நல்லது, எது நாள்பட உழைக்கும் என்று இருபது நிமிடம் பேசினார்.

திரும்பி வந்தபோது அவள் குரலுக்கு ஏறி இறங்குகிற கோடு திரையில் எழும்பவில்லை. மழைக்கு மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தார். அக்கா கம்பளியில் தலை சாய்த்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

"இதயம்தான். உடனே போயிருக்கலாம். அஞ்சு பத்து நிமிஷம் நினைவு இருந்தும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அந்த ‘இருக்கலாம்’ மாமாவை அரித்துவிட்டது. மனுஷன் பாதியாகிவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"என்னைக் கூப்பிட்டிருப்பாளாடா?"

விடை அவர் கையிலேயே இருந்தது. அந்த இருபது நிமிடமும் பதிவாகியிருந்ததே! போட்டுக் கேட்டாராம். மழையும் இடியும்தான் காதை அடைத்தன. அதற்கு அடியில் ஏதோ ஒன்று குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் இடியும் கூடவே ஏறியது. கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தும் தெளியவில்லை. இடியை அமுக்கி, அடியில் கிடக்கிற குரலைத் தூக்க வேண்டும். அதற்கு நிஜப் பெட்டிதான் சரி என்று முடிவு கட்டினார்.

"விடுங்க மாமா. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியாம செத்துட்டிருக்கேன்டா."



அதே கடைக்குத்தான் போனார். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்தார்.

"இது வேகம் சார். சத்தம் வந்த உடனே லபக்குன்னு கவ்வும். அது நிதானம். மெதுவாப் பிடிச்சு மெதுவா விடும். குரலுக்குன்னா அதுதான்."

"மழைச் சத்தத்துக்கு அடியில ஒரு சின்னக் குரல் இருக்கு. எது தூக்கும்?"

"நிதானமானதையே எடுத்துக்குங்க. மேடம் குரலுக்குத்தானே? அன்னைக்கு போன்ல அவ்வளவு நேரம் சொன்னீங்களே. நல்லா இருக்காங்களா?"

மாமா "ம்" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதபடியே வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை மதியம். வீட்டில் அவர் மட்டும். வெளியே வெயில் கொளுத்துகிறது. அக்கா போன பிறகு அந்த அலமாரியை அவர் திறந்ததே இல்லை. மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் குட்டிப் பெட்டியின் பச்சை விளக்கைக்கூட அணைக்க மனசு வராமல் எரியவிட்டிருந்தார். மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி ஒயரை எடுத்துப் புதுப் பெட்டியில் செருகினார். பெட்டியின் இன்னொரு பக்கத்திலிருந்து ஹெட்போனுக்கு வழி செய்தார். எதைக் கேட்டாலும் கூடவே பதிவு செய்து வைப்பது அவருக்குப் பழக்கதோஷம். அன்றும் பெட்டி வழியாக வருவது பதிவாகும்படி போட்டுவிட்டுத்தான், அக்காவின் கடைசிப் பதிவை அவள் வாசிப்பு நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டார்.

1.40.

திரையில் கோடு ஓடியது. ஹெட்போனில் லேசான இரைச்சல் மட்டும்... மழை இல்லை.

1.44. திரையில் கோடு சட்டென்று எழும்பியது. இடி. ஆனால் காதில் இடி இல்லை. பெட்டியின் முள்ளும் அசையவில்லை. இடியையே இருந்த இடம் தெரியாமல் அமுக்கிவிட்டதே என்று மாமா அசந்துபோனார். இரண்டு வருஷம் தேடியது வீண் போகவில்லை என்றுகூட நினைத்தார்.

1.47. சர்ர்... கம்பளியில் துணி உரசுகிற சத்தம். முள் லேசாகத் துடித்தது.

திரையைப் பார்த்தார். அந்த இடத்தில் மழை நடுக்கம் தவிர கோடு எழும்பவே இல்லை.

1.49. க்ரீச்... ஸ்டூல்.

அந்த ஸ்டூல் சத்தம் மாமாவுக்கு அத்துபடி. எத்தனை பதிவுகளில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்! உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தார்.

1.52. மூச்சு. மைக்குக்கு மிக அருகில்...

1.53.

"என்னங்க..."

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள்தான். சத்தியமாக அவள்தான். கூப்பிட்டிருக்கிறாள்... பாவி நான் பால்கனியில் நின்று பெட்டிக் கதை பேசியிருக்கிறேன்.

1.55.

"என்னங்க... கேக்குதா?"

முள் ஆடியது. நின்றது.

1.56.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கேங்க..."

மாமாவால் தாங்க முடியவில்லை. பதினான்கு மாதமாக அடக்கி வைத்தது வெடித்தது. வாய்விட்டு ஓவென்று அழுதார்.

1.57.

முள் கடைசிவரை சாய்ந்தது.

ஹெட்போனுக்குள்... ஒரு ஆண் அழுகிற சத்தம்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பது போல, மங்கலாக.

மாமா மூச்சை நிறுத்தினார்.

அழுகையும் நின்றது.

அக்கா போன அந்த நேரத்தில் இந்த அறையில் யாரும் அழவில்லையே... அவர் பால்கனியில் அல்லவா இருந்தார்?

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

பெட்டியை அணைத்தார்.

1.58.

எனக்கு போன் வந்தது. "வாடா" என்றார். அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது 2.35. வாசற்படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார். துக்கம் முற்றிப்போய்விட்டது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஒயரைக் கண்டால் அதன் மறுமுனை எங்கே என்று பார்க்காமல் இருக்க மாட்டேன். மேசைக்குப் பின்னால் தலையை விட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வர வேண்டிய ஒயர் தரையில் அநாதையாகக் கிடந்தது. பெட்டியில் செருகியிருந்தது வேறு ஒயர். அதே கறுப்பு, அதே பருமன். அதைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். மைக்குக்கான குட்டிப் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து சுவரோரமாகப் போய், துளை வழியாக அலமாரிக்குள் நுழைந்தது.

தலையை வெளியே எடுத்தேன்.

"மாமா... நீங்க கேட்டது பழைய பதிவு இல்ல."

"என்னடா உளர்றே?"

"அது கம்ப்யூட்டர்ல சும்மா ஓடிட்டிருந்துருக்கு. உங்க காதுல விழுந்தது... அலமாரி மைக்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். வீராப்பாகப் போய்த் திறந்தவன் நான்தான். உள்ளே கம்பளி, ஸ்டூல், மைக். வேறு ஒன்றுமில்லை.

பிறகு ஒயரைச் சரியாக மாற்றிச் செருகினேன். அக்காவின் கடைசி இருபது நிமிடத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இடி அடங்கியது. அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது. அக்கா ஒரு வரியைப் பாதியில் விட்டாள். தூங்கப் போகிறவள் மாதிரி ஒரு மூச்சு. புத்தகம் மடியிலிருந்து சரிந்தது. பிறகு மழை... மழை மட்டும். உரசல் இல்லை. ஸ்டூல் அசையவில்லை. கடைசியில் மாமாவின் காலடி, கதவு திறக்கும் சத்தம், அவருடைய அலறல்.

"கூப்பிடவே இல்லைடா" என்றார் மாமா. "நிம்மதியாத்தான் போயிருக்கா. என்னைத் தேடவே இல்லைடா..."

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். கால் நிமிடம் இருக்கும். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப... இன்னைக்குத்தான் கூப்பிட்டாளா?"

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"பக்கத்துலதானேடா இருந்தேன். ஒரு வார்த்தை பேசாம பெட்டியை அணைச்சுட்டேனே..."

இப்போது தினமும் மதியம் அலமாரிக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். "இருக்கேம்மா, சொல்லு" என்கிறார். மைக்கின் பச்சை விளக்கு எரிகிறது, புதுப் பெட்டியும் ஓடுகிறது. அவர் பேசினால் முள் ஆடுகிறது. அவர் நிறுத்தினால் நின்றுவிடுகிறது. நான்கு மாதமாக இப்படித்தான்.

அவரிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அன்று அவர் முகம் கழுவப் போனபோது, மதியம் பதிவானதை நான் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது அத்தனையும் இருந்தது. மழை இல்லாத அறை. உரசல். ஸ்டூல். என் அக்காவின் குரல். மாமாவின் அழுகை. ஹெட்போன் மேசையில் விழுந்த சத்தம்.

உடனே அணைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உடனே இல்லை. புதுப் பெட்டி, சுவிட்ச் எங்கே என்று தேடியிருக்கிறார். இடையில் ஐந்து விநாடி. ஹெட்போன் காதில் இல்லாத ஐந்து விநாடி.

"ஏங்க அழறீங்க? நான்தான்... பயப்படா—"

டக்.

மாமா சுவிட்சை அணைத்த சத்தம்.