லேபிளை நம்பாத அத்தை

என் அத்தை யாரையும் நம்பமாட்டாள். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். என் மார்க் ஷீட்டில் 31 என்பதை நான் 81 ஆக்கியது டீச்சருக்கே தெரியவில்லை. அத்தை அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இங்க பேனா ரெண்டு தடவை அழுந்தியிருக்கே" என்றாள். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் எக்ஸ்ரே.

அந்த விரலை வைத்துத்தான் அவளுக்குப் பிழைப்பே. ஒரு சினிமா கம்பெனிக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பழைய படங்களைச் சரிபார்க்கிற வேலை. ஜன்னல் இல்லாத, எந்நேரமும் குளிர்கிற அறை. ஒரு கையால் ரீலைச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையின் இரண்டு விரலுக்கு நடுவே ஃபிலிமின் ஓரத்தை ஓடவிடுவாள். கிழிசலோ ஒட்டோ வந்தால் விரல் நின்றுவிடும். மற்றவர்கள் டப்பா மேலிருக்கும் லேபிளைப் படித்துவிட்டுப் போவார்கள். இவள் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். லேபிளை எந்தக் கழுதையும் ஒட்டலாம் என்பது அவள் கட்சி.

அங்கே ஒரு படம் இருந்தது, பெரிய டைரக்டர் ஒருவர் இளவயதில் எடுத்தது. கடைசியில் நாயகி கதவைச் சாத்திவிட்டுப் புருஷன் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வயசானதும் டைரக்டருக்கு மனசு மாறிவிட்டது. அந்தக் காலத்தில் வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடியெடுத்து, அவள் பாதி வழியில் திரும்பி வீட்டுக்கே வருகிற மாதிரி ஒட்டவைத்தார். புதுப் பிரதி கிடங்குக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம்: இனி இதுதான் படம், பழையதை அழித்துவிடவும். பழைய முடிவு மிச்சமிருந்தது கிடங்கிலிருந்த அந்த ஒரே பழைய பிரதியில்தான்.

யாரோ எடுத்த படத்துக்கு இவள் ஏன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் படம் மறுபடி ஓடிய வருஷம், மதிய ஆட்டம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பையோடு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் புருஷன் வீட்டுப் பக்கம் போனதே இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு அவள்மேல் சந்தேகம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். அவள் சேலையில் வினிகர் வாசம் அடித்தது, ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் அடிக்கும். ரீலைக் கடத்திவிட்டாள் என்று முடிவுகட்டி, கட்டிலுக்கடி, பீரோ மேல், பரண் எல்லாம் தேடினேன். தூசிதான் கிடைத்தது.

அவளுடைய மேனேஜருக்கும் அதே சந்தேகம். உச்சிவெயிலிலும் கோட்டு போடுவதால் அவர் பெயரே கோட்டு. அலமாரிகளைக் கலைத்தார், அவள் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார், ஒரு சீப்பு விழுந்தது. பழைய பிரதியின் பதினாலு டப்பாக்களையும் லேபிள் படித்து, டிக் அடித்து, எரிக்க அனுப்பினார். புதுப் பிரதிக்குத் தன் கையாலேயே சீல் வைத்தார்.

அடுத்த மாதம் ஒரு அரங்கில் புதுப் பிரதியைத் திரையிட்டார்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், ஃபிலிமில்தான் ஓட்டணும் என்று டைரக்டர் அடம். அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. ரீல்களோடு அவள் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஆபரேட்டர் அறையில் அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

கடைசி ரீலில் கதவு சாத்தியது. நாயகி நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லேபிள்கள் அப்படியே இருக்க, கடைசி ரீல் மட்டும் டப்பா மாறியிருக்கிறது. எரிந்தது புது முடிவு. பழையது கோட்டு வைத்த சீலுக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

கீழே கைதட்டல். டைரக்டரும் கோட்டும் மேலே ஏறி வந்தார்கள்.

"இதுல கை வெச்சது யாரு?"

அத்தை ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டே, "நான் வெக்கல சார். நீங்கதான் வெச்சீங்க" என்றாள்.

"என் படம்மா அது."

"மாத்துங்க சார், யாரு வேண்டாம்னா. ஆனா அவ போனது போனதுதான். போகவே இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க?"

டைரக்டருக்குக் கோபம்தான் வந்தது. கோட்டை வராந்தாவுக்கு இழுத்துப்போய்த் திட்டினார். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என் முதுகுப்பையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை நம்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கோட்டு திரும்பி வந்தபோது அவள் கடைசி ரீல் டப்பாவை மூடி நீட்டினாள். அவர் லேபிளைப் படித்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அன்று மாலையே எரித்தார்களாம். பாவம், எரிந்தது அந்த அரங்கின் பழைய பல்பொடி விளம்பர ரீல்.

அந்த வாரமே அத்தைக்கு வேலை போனது. இப்போது ஒரு தையற்கடையில் துணி சரிபார்க்கிறாள். கடைக்காரர் ஏற்கெனவே அவளுக்குப் பயந்துதான் இருக்கிறார்.

ரீல் எங்கே என்று எழுதமாட்டேன். வாரம் ஒரு தடவை அவள் திறந்து முகர்ந்து பார்க்கிறாள் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல், படிக்கிறவர்கள் யார் யாரோ.